ஜிமிக்கி பார்த்து அமுக்கிய பட்டன்

எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுதும்போது முன்னால் நடந்தது பின்னால் வரும், பின்னால் நடந்தது முன்னால் வரும். சில பெயர்கள் மறந்தே போய்விட்டன. நான் வேலை பார்த்த லேபுக்குப் புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் படிக்கட்டும் என்று பழைய ஆட்களிடம் ஆளுக்கு நாலு பக்கம் கேட்டார்கள். என்னால் முடியாது என்று சொல்லிப் பார்த்தேன். "பேசுற மாதிரியே எழுதுங்கம்மா" என்றார்கள். பேசவே எனக்குக் கூச்சம். ஆனாலும் இந்த ஒரு விஷயத்தை நான்தான் சொல்ல வேண்டும். தப்பைச் செய்தவள் நான் என்பதால் எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

1. முதல் நாள்

தேனிப் பக்கம் ஒரு கல்லூரி லேபில் அட்டெண்டராகச் சேர்ந்தேன். அதற்கு முன்னால் இருபத்திரண்டு வருஷம் நூல் மில்லில் ரிங் பிரேமில் சைடு பார்த்தவள். சைடு பார்ப்பது என்றால், ஓடுகிற மெஷினின் ஒரு பக்கம் முழுக்க நடந்துகொண்டே அறுந்த இழையைக் கண்டுபிடித்து ஒட்டுகிற வேலை. முழங்கால் போனதும் மில்லை விட்டேன். சின்னமனூரிலிருந்து தினமும் பஸ்ஸில் லேபுக்கு வருவேன்.

அந்த லேபைக் காது லேப் என்றுதான் எல்லோரும் சொல்வோம். மனிதருடைய உள்காதுக்குள் சத்தம் போய் என்ன ஆகிறது என்று மாடல் செய்து பார்க்கிற இடம். அதைப் பார்த்துக்கொண்டது நிர்மலா மேடம். கம்பத்துப் பொண்ணு, நாற்பது வயதுக்குள் இருக்கும். அதிர்ந்து பேசாது. எனக்குப் பெண் பிள்ளை இல்லாததாலோ என்னவோ, பார்த்த அன்றைக்கே பிடித்துப்போயிற்று. அவர்கள் என்று எழுத ஆரம்பித்தாலும் பாதியில் அது இது என்று வந்துவிடுகிறது. மேடம் கோபித்துக்கொள்ளாது.

முதல் நாள் சவுண்ட் ரூமைக் கூட்டச் சொன்னார்கள். சுவர் முழுக்க முக்கு முக்காகப் பஞ்சு ஒட்டியிருக்கும் சின்ன அறை. கனமான கதவு. கதவைச் சாத்தினால் வெளிச்சத்தம் ஒரு பொட்டு உள்ளே வராது. நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக் கூட்ட ஆரம்பித்தேன். பக்கத்தில் எங்கேயோ மெஷின் ஓடுகிற மாதிரி கொய்யென்று ஒரு சத்தம் வந்துகொண்டே இருந்தது. வீணாக ஓடுகிறதே, நிறுத்திவிடலாம் என்று நாற்காலிக்கு அடியில், மேஜைக்கு அடியில் எல்லாம் சுவிட்சைத் தேடினேன். கிடைக்கவில்லை. வெளியே வந்தேன்.

"மேடம், உள்ள ஏதோ மெஷின் ஓடிக்கிட்டே கெடக்கு. எங்கன அமத்துறது?"

மேடம் உள்ளே வந்து காது கொடுத்து நின்றது. "ஒண்ணும் ஓடலையேம்மா?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. சத்தம் அறையில் இல்லை. என் காதுக்குள்ளேயே மில் ஓடிக்கொண்டிருந்தது. வீட்டில் ஊர்ச்சத்தத்தில் அது தெரிந்ததில்லை. மேடத்திடம், "ரோட்டுல ஏதோ டிராக்டர் போயிருக்கும் போல" என்று சொல்லிச் சமாளித்தேன். காது லேபில் முதல் நாளே, காது சரியில்லை என்று எப்படிச் சொல்வது? மறுநாள் வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டால்?

2. தொட்டியும் பவுடரும்

லேபில் இரண்டு மாடல் உண்டு. ஒன்று கண்ணாடி மாதிரி இருக்கும் நீளத் தொட்டி. உள்காது நத்தை ஓடு மாதிரி சுருண்டிருக்கும். வயலில் தண்ணீர் பாயும்போது கிடக்குமே, அந்த நத்தைதான். அதைச் சுருள் பிரித்து நீட்டி வைத்தால் எப்படி இருக்கும் என்பதுதான் தொட்டி. உள்ளே தண்ணீர். தண்ணீருக்கு மேல் நீளமாக ஒரு ரப்பர் தாள் இழுத்துக் கட்டியிருக்கும். சத்தம் நுழைகிற முனையில் தாள் குறுகலாக, விறைப்பாக இருக்கும். கடைசி முனையில் அகலமாக, தொளதொளவென்று இருக்கும்.

தண்ணீர் அளவைப் பார்த்து ஊற்றுவதும் தாள் மேல் முகப்பவுடரைச் சலித்துத் தூவுவதும் என் வேலை. மேடம் ஸ்பீக்கரில் சத்தம் கொடுக்கும். விசில் மாதிரி சன்னச் சத்தம் என்றால் முன் முனையிலேயே பவுடர் துள்ளும். உறுமி மாதிரி தடித்த சத்தம் என்றால் கடைசி முனை வரை போய் அங்கே துள்ளும். ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு இடம். நம் காதுக்குள்ளும் இப்படித்தான் சத்தங்கள் இடம் பிரிந்து உட்காருகின்றனவாம். எனக்கு அது அதிசயமாக இருந்தது. மேடம் டீ குடிக்கப் போனால் நானே ஸ்பீக்கரைப் போட்டுப் பவுடர் துள்ளுவதைப் பார்ப்பேன்.

இரண்டாவது மாடல் கம்ப்யூட்டருக்குள். தொட்டியில் தண்ணீரும் தாளும் மட்டும்தான். உயிருள்ள காதில் அந்தத் தாள் மேல் சன்னமாக முடி முளைத்த செல்கள் வரிசை வரிசையாக இருக்கும். உள்வரிசை ஒன்று, வெளிவரிசை மூன்று. உள்வரிசைதான் மூளைக்குச் சேதி சொல்வது. வெளிவரிசை என்ன செய்கிறது என்றால், மெல்லிய சத்தம் வந்தால் அதைக் கை கொடுத்துத் தூக்கிவிடுகிறது. பெரிய சத்தம் வந்தால் சும்மா இருந்துவிடுகிறது. மில் மாதிரி இரைச்சலில் வருஷக்கணக்காக நின்றால் வெளிவரிசை சாகும். செத்தால் திரும்ப முளைக்காது.

இதையெல்லாம் மேடம்தான் எனக்குச் சொன்னது. கடைசி வரியைச் சொன்னபோது நான் பவுடர் சலித்துக்கொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தவில்லை.

மேடத்தின் வேலை என்னவென்றால், மில் இரைச்சலை ரெக்கார்டு செய்து மாடலுக்குள் விட்டு, இத்தனை வருஷம் வேலை பார்த்தவருக்குக் காதில் எந்த இடம் எவ்வளவு போயிருக்கும் என்று மாடலையே சொல்ல வைப்பது. பிறகு நிஜ மில் ஆட்களை உட்கார வைத்துச் சோதித்து, மாடல் சொன்னது சரியா என்று பார்ப்பது.

3. ஜிமிக்கி

ஆட்களை அழைத்து வருவதற்கு முன்னால் காதைச் சோதிக்கிற மெஷினைச் சரிபார்க்க ஒரு ஆள் வேண்டியிருந்தது. "நீங்களே உக்காருங்க சவரியம்மா" என்றது மேடம்.

சவுண்ட் ரூமுக்குள் நாற்காலியில் உட்கார வேண்டும். ஹெட்போனை மாட்டிவிடுவார்கள். கையில் ஒரு பட்டன். பீப் என்று சத்தம் கேட்டால் அமுக்க வேண்டும். சத்தம் வர வரக் குறையும். கேட்காத அளவுக்குப் போகிறவரை கொடுத்துக் குறித்துக்கொள்வார்கள். ஒரு தடவை தடித்த சத்தம், ஒரு தடவை நடுத்தரம், பிறகு சன்னம், அதைவிடச் சன்னம். சின்னக் கண்ணாடி சன்னலுக்கு அந்தப் பக்கம் மேடம் உட்கார்ந்து சுவிட்சைப் போடும். கை தெரிந்துவிடக் கூடாது என்று பக்கவாட்டில் திரும்பித்தான் உட்காரும்.

தடித்த சத்தத்துக்கெல்லாம் ஒழுங்காக அமுக்கினேன். சன்னச் சத்தம் தொடங்கியதும் ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு வியர்த்துவிட்டது. கண்ணாடி வழியாக மேடத்தைப் பார்த்தேன். காதில் சின்னதாக ஒரு வெள்ளி ஜிமிக்கி. மேடம் சுவிட்சைப் போடும்போதெல்லாம் அது ஒரு நூல் அளவு ஆடியது.

மில்லில் நூல் சுற்றுகிற ஆயிரம் கதிருக்கு நடுவில் அறுந்த ஒற்றை இழையை இருபதடி தள்ளி நின்று பார்த்த கண் எனக்கு. ஜிமிக்கி ஆடுவது எம்மாத்திரம்? ஆடியதும் அமுக்கினேன். ஆடியது, அமுக்கினேன்.

முடிந்ததும் மேடம் கதவைத் திறந்து, "சூப்பர் காதும்மா உங்களுக்கு" என்று சிரித்தது. அந்தச் சிரிப்பைப் பார்த்தபோது எனக்கு இரண்டு மாதிரி இருந்தது. வேலை தப்பித்தது என்று ஒன்று. நான் அமுக்க அமுக்க இந்தப் பிள்ளைக்குச் சந்தோஷம் என்று ஒன்று. எல்லாத் தப்பும் அந்த இரண்டாவதிலிருந்துதான் வந்தது.

4. சனிக்கிழமை ஆட்கள்

மில்லில் என்னோடு வேலை பார்த்தவர்களை நான்தான் அழைத்து வந்தேன். பேச்சியம்மா, எங்கள் ஊர் லூர்து, இன்னும் பத்துப் பன்னிரண்டு பேர். சனிக்கிழமை சனிக்கிழமை இரண்டு பேர், மூன்று பேராக வருவார்கள்.

முதல் சனிக்கிழமை பேச்சியம்மா உள்ளே போய்ப் பாதியில் எழுந்து வந்துவிட்டாள்.

"யக்கா, அங்கன ஒரு எழவும் கேக்கல. அந்தப் பிள்ள வேற என்னத்தையோ எழுதிக்கிட்டே மூஞ்சியச் சுருக்குது. பரிச்சையில பெயிலாக்கிருவாகளோ?"

"யாரை?"

"அதைத்தான். இந்தப் பிள்ள டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிதாம்ல? நாம அமுக்கலேன்னா அதுக்குத்தான மார்க்கு கொறையும்?"

எனக்கும் அப்படித்தான் பட்டது. நாம் சரியாக அமுக்கினால் மேடம் பாஸ். இதுதான் அன்றைக்கு எங்களுக்கு விளங்கிய விஞ்ஞானம். நான் பேச்சியம்மாளின் காதுக்குப் பக்கத்தில் போகவில்லை. மில்லில் பேசுகிற மாதிரி உதட்டை மட்டும் அசைத்தேன். ரிங் பிரேமில் வேலை பார்த்தவர்கள் எல்லோரும் உதட்டைப் பார்த்தே பேசிக்கொள்வோம். "ஜிமிக்கியைப் பாரு. ஆடுச்சுன்னா அமுக்கு."

பிறகு இன்னொன்றும் சொன்னேன். அதை எழுதத்தான் எனக்கு வெட்கமாக இருக்கிறது. "எல்லாத்துக்கும் அமுக்காத. சந்தேகம் வரும். நாலுக்கு ஒண்ண விட்டுரு."

வந்த அத்தனை பேருக்கும் இதைச் சொல்லிக் கொடுத்தேன். லூர்து மட்டும் வேறு பயத்தில் அமுக்கினாள். அவள் இன்னும் மில்லில் வேலை பார்க்கிறவள். "மதினி, செவிடுன்னு எழுதி மில்லுக்கு அனுப்பிப்புட்டாகன்னா? மேஸ்திரி ஏற்கெனவே என்னைய மொறைக்கிறான்." அவள் வீட்டில் பன்னீர் திராட்சை போட்டிருந்தார்கள். மேடத்துக்கு ஒரு பை கொண்டுவந்து கொடுத்துவிட்டு, உள்ளே போய் எங்கள் எல்லோரையும்விட நன்றாக ஜிமிக்கியைப் பார்த்து அமுக்கினாள்.

5. கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

மாடல் ஒரு கோடு போடும். ஆட்களின் காது ஒரு கோடு போடும். இரண்டையும் ஒரே தாளில் போட்டுப் பார்க்க வேண்டும். மாடல் போட்ட கோட்டில், சன்னச் சத்தத்தில் நாலாயிரம் என்று குறித்திருக்கும் இடத்தில் ஒரு பள்ளம் விழுந்திருந்தது. மில் காது என்றால் அந்த இடம்தான் முதலில் போகுமாம். ஆனால் எங்கள் கோட்டில் பள்ளமே இல்லை. பாய் விரித்த மாதிரி நேராகக் கிடந்தது.

மேடம் மாடலைத் திருத்தியது. மறுபடி திருத்தியது. மாதக்கணக்காக அதே வேலை. மத்தியானச் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்காமலே வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போகும். நான் பார்த்துக்கொண்டே பவுடர் சலிப்பேன். ஏன் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. நாங்கள்தான் நன்றாக அமுக்கினோமே என்று நினைத்தேன்.

ஒரு நாள் பெரிய சார் மேடத்தைத் தன் ரூமுக்குக் கூப்பிட்டார். அவர்தான் மேடத்துக்குக் கைடு. ரூமுக்குக் கண்ணாடிக் கதவு. நான் டீயோடு வெளியே நின்றேன். உள்ளே பேசியது காதில் விழவில்லை, ஆனால் சார் எனக்கு நேராக உட்கார்ந்திருந்தார். அவர் உதடு பேசியதை ஒரு சொல் விடாமல் பார்த்தேன்.

"உங்க மாடல் தப்பும்மா. பதினாலு காது ஒண்ணு போலச் சொல்லுது, மாடல் மட்டும் வேற சொல்லுது. காது எதுக்குப் பொய் சொல்லப் போவுது? மூணு வருஷ வேலைன்னு பாக்காதீங்க. மூட்டை கட்டி வச்சுட்டு வேற தலைப்பு எடுங்க. அடுத்த ரிவ்யூவுக்குள்ள முடிவு சொல்லுங்க."

மேடத்தின் முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. தலை மெதுவாகக் குனிந்தது.

டீத் தட்டைப் பக்கத்து லேப் பையன் ஒருவனிடம் கொடுத்தனுப்பினேன். பொய் சொன்ன பதினாலு காதில் முதல் காது என்னுடையது.

6. ஞாயிற்றுக்கிழமை

பூசை முடிந்து மாதா கோயிலுக்கு வெளியே லூர்துவைப் பிடித்தேன். பேச்சியம்மாளையும் வரச் சொல்லியிருந்தேன். நடந்ததைச் சொன்னேன்.

"அமுக்குனது தப்பா?" என்று பேச்சியம்மா வாயைப் பிளந்தாள். "அட ஆத்தா! நல்லது பண்றோம்னு அந்தப் பிள்ள பொழப்புல மண்ணள்ளிப் போட்டோமா?"

"அது மார்க்கு இல்ல பேச்சி. நம்ம காது எங்கன கெட்டுருக்குன்னு பாக்கத்தான் கூப்புட்டாக. கேக்கலேன்னா கேக்கலேன்னு சொல்றதுதான் அவுகளுக்கு வேணும்."

லூர்து அழுதுவிட்டாள். "நீங்க சொல்லித்தான மதினி அமுக்குனேன்? இப்ப நீங்களே சொல்லச் சொல்றீக. எம் பேரு வெளிய வந்தா என் சோத்துக்கு நீங்க வழி சொல்லுவீகளா?"

"உங்க பேரு எதுவும் வராது. என் காதை மட்டும் சொல்றேன்" என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, திங்கள்கிழமை போனேன், சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமையும் சொல்லவில்லை. இரண்டு நாளும் பவுடரைச் சலித்து வைத்துவிட்டு பஸ் ஏறினேன்.

7. சுவரைப் பார்த்த நாற்காலி

புதன்கிழமை காலையில் மேடம் தொட்டியிலிருந்து தண்ணீரை இறக்கச் சொன்னது. "இனி வேணாம்மா. கழுவிக் காய வச்சு உள்ள வச்சிருங்க."

ரப்பர் குழாயைக் கையில் எடுத்தேன். என்னால் இறக்க முடியவில்லை.

"மேடம், என்னைய ஒரு தடவை உக்கார வச்சுப் பாருங்க."

"எதுக்கும்மா? உங்களதுதான் ஏற்கெனவே எடுத்தாச்சே."

"ஜிமிக்கியக் கழட்டிட்டு."

மேடத்துக்குப் புரியவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் கழற்றி மேஜையில் வைத்தது. நான் உள்ளே போய் நாற்காலியைச் சுவரைப் பார்த்துத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தேன்.

தடித்த சத்தங்கள் வந்தன. அமுக்கினேன். நடுத்தரம் வந்தது. அமுக்கினேன். பிறகு ஒன்றும் வரவில்லை. வந்துகொண்டுதான் இருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளை அந்தப் பக்கம் சுவிட்சைப் போட்டுக்கொண்டேதான் இருக்கும். எனக்கு என் காதில் ஓடுகிற மில் மட்டும் கேட்டது. பட்டனைக் கையில் வைத்துக்கொண்டு அமுக்காமல் உட்கார்ந்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

கதவு திறந்தது. மேடம் கையில் தாளோடு நின்றது.

"எவ்வளவு நாளா?"

"மில்லுல இருக்கும்போதே தாயி."

"அப்ப மத்தவங்க?"

"நான்தான் சொல்லிக் குடுத்தேன். அவுகளைத் திட்டாதீக. நாங்க அமுக்குனா நீங்க பாஸாவீகன்னு நெனைச்சோம்."

மேடம் வெளியே போய் லேப் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டது. "மூணு வருஷம், சவரியம்மா" என்று மட்டும் சொன்னது. என்னை அடித்திருந்தால்கூடத் தேவலை. போய்விடுவோம் என்று நானும் வெளியே வந்து என் பையை எடுத்தேன். அப்போது மேடம் கையிலிருந்த தாளைச் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தது. பிறகு ஓடிப்போய் மேஜையிலிருந்த மாடல் கோட்டுத் தாளை எடுத்து, என் தாளை அதன் மேல் வைத்து வெளிச்சத்தில் பிடித்தது.

என் கோட்டிலும் ஒரு பள்ளம். மாடல் சொன்ன அதே இடம்.

"பையை எதுக்குத் தூக்குறீங்க?" என்று மேடம் கேட்டது. அழுதுகொண்டே சிரித்தது. "தொட்டித் தண்ணிய எறக்கிராதீங்க."

அடுத்த சனிக்கிழமையிலிருந்து எல்லோரையும் மறுபடி உட்கார வைத்தோம். இந்தத் தடவை கம்ப்யூட்டரே தன் இஷ்டத்துக்குச் சத்தம் விட்டது. ஆள் யாரும் எதிரே இல்லை. தாளில் பெயர் கிடையாது, நம்பர்தான் என்றும், மில்லுக்கு ஒரு துண்டுச் சீட்டுகூடப் போகாது என்றும் மேடம் லூர்துவுக்கு எழுதியே கொடுத்தது. பெரிய சாரும் வந்து பார்த்தார். தாள்களைப் புரட்டிக்கொண்டே, "நானும் அவசரப்பட்டுட்டேன்" என்று மேடத்திடம் சொன்னார். எல்லோருக்கும் பள்ளம் இருந்தது. பேச்சியம்மா தன் தாளைக் கையில் வாங்கி, "இந்தக் குழி என்ன சத்தம்?" என்று கேட்டாள்.

"சன்னமான சத்தம்மா. நாலாயிரம்."

"அதான பாத்தேன்! எம் மருமக இத்தனை வருசமும் நாலாயிரத்துலதான் ஏசியிருக்கா. ஒண்ணுகூட எனக்கு வந்து சேரல."

மேடம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. எனக்கு அன்றைக்குத்தான் சோறு இறங்கியது.

8. கண்ணை மூடிக்கொண்டு

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. மாடலுக்கு இன்னொரு சோதனை இருந்தது.

என் காதின் நம்பர்களை மாடலுக்குள் போட்டு, மேடம் தன் குரலை அதற்குள் விட்டு, எனக்கு எப்படிக் கேட்கும் என்று மாடல் சொல்கிறதோ அதைத் திரும்பச் சத்தமாக்கியது. நிஜக் குரல் ஒன்று, மாடல் வழியாக வந்த குரல் ஒன்று. மாடல் சரி என்றால் நல்ல காதுக்காரருக்கு இரண்டும் வேறு வேறாகக் கேட்கும். எனக்கு மட்டும் ஒன்று போலக் கேட்க வேண்டும். ஏனென்றால் மாடல் எதை எடுத்துவிட்டதோ, அது என்னிடம் ஏற்கெனவே இல்லை.

முதலில் மேடமே போட்டுக் கேட்டது. "சவரியம்மா, தொட்டிக்குத் தண்ணி ஊத்தியாச்சா?" என்று தானே பேசி ரெக்கார்டு செய்தது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு, மாடல் வழியாக வந்த அந்தக் குரலை ஒரு தடவை கேட்டது. மறுபடி போட்டது. மூன்றாம் தடவை போட்டது.

"இப்படியா கேக்குது உங்களுக்கு? நான் பின்னாடி நின்னு கூப்பிடுறதெல்லாம் இப்படித்தானா?"

"எப்படின்னு எனக்கென்ன தெரியும்? எனக்கு எப்பவும் கேக்குற மாதிரிதான் கேக்கும்."

மேடம் ஹெட்போனைக் கழற்றவே இல்லை. அதோடேயே என் கையைப் பிடித்துக்கொண்டது.

பிறகு என்னை உட்கார வைத்தது. இரண்டு இரண்டாகச் சத்தம் வரும். ஒன்று போல இருக்கிறதா, வேறு மாதிரி இருக்கிறதா, அதை மட்டும் சொல்ல வேண்டும். அன்றைக்கு மேடம் எனக்கு எதிரிலேயே உட்கார்ந்தது. இனி என்ன ஏமாற்று என்று நினைத்ததோ என்னவோ. ஆனால் அந்த முகத்தில் என்ன பதில் வேண்டும் என்று எழுதியே இருந்தது. ஒன்று போல, ஒன்று போல என்று கண் கேட்டது. எனக்குப் பயம் வந்துவிட்டது. கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

பேச்சு வந்தது. ஒன்று போலத்தான் இருந்தது. சொன்னேன். பிறகு எவர்சில்வர் தட்டு கீழே விழுகிற சத்தம் இரண்டு தடவை வந்தது.

"வேற வேற" என்றேன்.

மறுபடி போட்டது. "வேற வேறதான் மேடம்."

கண்ணைத் திறக்கவில்லை. அந்தப் பிள்ளையின் முகம் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியும். பார்க்காமல் இருப்பது பட்டனை அமுக்காமல் இருந்ததைவிடக் கஷ்டமாக இருந்தது. கடைசியில் மேடம், "எப்படி வேறயா இருக்கு?" என்று கேட்டது.

"ரெண்டாவது தட்டு மெத்தையில விழுந்த மாதிரி இருக்கு. எனக்கு நெசமாத் தட்டு விழுந்தா அப்படி இருக்காது. சின்னச் சத்தம் ஒண்ணுமே கேக்காது, கொஞ்சம் கூடுச்சுன்னா சுரீர்னு மண்டையில அடிச்ச மாதிரி வரும். உங்களுக்கு எப்படி வருமோ அப்படியே வரும்னு நெனைக்கிறேன்."

நாற்காலி தள்ளப்படுவது தெரிந்தது. கண்ணைத் திறந்தேன். மேடம் போர்டில் எழுதிக்கொண்டிருந்தது. மெதுவாக வந்தாலும் பலமாக வந்தாலும் சன்னச் சத்தத்தை மாடல் ஒரே மாதிரி குறைத்துவிட்டதாம். நிஜத்தில் வெளிவரிசை செத்தால் மெல்லிய சத்தத்துக்குக் கை கொடுக்க ஆள் இல்லை, அவ்வளவுதான். பெரிய சத்தத்துக்கு அந்தக் கை முன்னாலும் தேவைப்படவில்லை, இப்போதும் தேவையில்லை. அதனால் பெரிய சத்தம் முழுசாகவே வரும். இது மேடத்துக்குத் தெரிந்த பாடம்தான். குரலைத் திரும்பச் சத்தமாக்குகிற இடத்தில் அதைப் போட விட்டுப்போயிருக்கிறது.

திருத்த மூன்று வாரமோ நான்கு வாரமோ ஆயிற்று. மறுபடி உட்கார்ந்தேன். கண்ணை மூடிக்கொண்டேன். பேச்சு வந்தது. தட்டு விழுந்தது. கோயில் மணி அடித்தது. மேடம் மெதுவாகவும் சத்தமாகவும் கூப்பிட்டது. இரண்டு இரண்டாக எல்லாம் வந்தன. ஒவ்வொன்றையும் இரண்டு தடவை கேட்டுத்தான் சொன்னேன்.

"ஒண்ணுதான். இதுவும் ஒண்ணுதான். இதுவும்."

கடைசி ஜோடியும் முடிந்தது. கண்ணைத் திறந்தேன். எதிரே மேடம் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, எனக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. எனக்கு முகம் தெரிந்துவிடக் கூடாது என்று அப்படியே உட்கார்ந்திருக்கிறது. தோள் மட்டும் குலுங்கியது. நான் எழுந்து போய் அதன் முன்னால் நின்றேன்.

அன்றிலிருந்து மேடம் என்னைப் பின்னாலிருந்து கூப்பிட்டதே இல்லை. எவ்வளவு அவசரமானாலும் சுற்றிக்கொண்டு முன்னால் வந்து நின்று, என் முகத்தைப் பார்த்துத்தான் பேசும். லேபில் மற்றவர்களும் அதைப் பார்த்துப் பழகிக்கொண்டார்கள். லூர்து இப்போது காதில் அடைப்பான் வைத்துக்கொண்டுதான் சைடு பார்க்கிறாள்.

புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். கேட்காததைக் கேட்கவில்லை என்று சொல்லுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். எதிரே இருப்பவர் மேல் எவ்வளவு பிரியம் இருந்தாலும் அவர் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லாதீர்கள். அவர்களுக்கு நம்மிடமிருந்து வேண்டியது நமக்குக் கேட்டது மட்டும்தான். நமக்குக் கேட்காததும் அதில் சேர்த்தி.

வெளிவரிசை மூன்றா, நான்கா, பள்ளம் விழுந்தது நாலாயிரத்திலா, ஆறாயிரத்திலா என்பதை எல்லாம் ஞாபகத்தில் எழுதியிருக்கிறேன். நிர்மலா மேடம் இதைப் படித்து, தப்பு எங்கே இருக்கிறதோ அங்கே திருத்திக் கொடுக்க வேண்டும். போனில் சொன்னால் எனக்குப் பிடிபடாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து, எதிரே உட்கார்ந்து சொன்னால் போதும்.